எந்தத் துறை

விண்ணப்பத்தில் ஒரு சின்னக் கட்டம்: துறை.
"பதினொரு ஆண்டு டயாலிசிஸ் தாதி" என்று எழுதினால்
கட்டத்தைத் தாண்டிப் போகிறது.
போகட்டும் என்று விட்டேன்.

ஹமில்டனில் ஜனவரி.
உருக்காலைப் புகை நேர்க்கோடாய் நிற்கிறது,
இந்தக் குளிரில் அதற்கும் அசைய மனமில்லை.
இரவுப் பணி முடித்து
சீருடைக்கு மேல் கோட்டை மாட்டிக்கொண்டு
ஒன்பது மணி வகுப்பில் உட்காருகிறேன்.
"தீர்வோடு வராதீர்கள்,
நூறு பேரிடம் கேட்டுவிட்டு வாருங்கள்"
என்கிறார் பேராசிரியர் கோவல்ச்சுக்.
என் கண் பாதி மூடியிருக்கிறது.

தொழில்நுட்பமும் தொழில்முனைவும் முதுகலை, இருபது மாதம்.
கட்டணத்தைக் கேட்ட கவிநேசன்
தேநீரைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னார்:
"முதலுக்கே மோசமாய்ப் போயிடும் பார்."
எந்த முதல் என்று நான் கேட்கவில்லை.

குழுவுக்கு மூன்று பேர்.
பிரெண்டன், இயந்திரப் பொறியாளன்,
எதைக் கண்டாலும் திருகாணி தேடும் விரல்.
இஃபேயோமா, கணக்காளர்,
கோப்பிக் குவளைக்கும் தேய்மானம் போடுவாள்.
அப்புறம் நான்.

அழுத்தம் என்றேன் ஒருநாள்.
பிரெண்டன் குழாயைப் பார்த்தான்.
இஃபேயோமாவுக்கு வங்கிக் கடிதம் நினைவு வந்தது.
நான் சொன்னது தொண்ணூறுக்கு ஐம்பது,
நாற்காலியில் மெல்லச் சரியும் ஒரு மனிதர்.
அன்றைய கூட்டம் அந்த ஒரு சொல்லோடு முடிந்தது.

எங்கள் யோசனை இதுதான்:
ஒரு இயந்திரம் கத்தினால்
பன்னிரண்டு பேர் விழிக்கிறார்கள்.
சத்தத்தை எடுத்துவிட்டு
தாதியின் மணிக்கட்டில் மட்டும் ஒரு அதிர்வு.
முப்பத்தெட்டுப் பேர் தலையாட்டினார்கள்.
நல்ல யோசனை, மிக நல்ல யோசனை.

முப்பத்தொன்பதாவது, திரு. பெட்ருச்சி.
முப்பது ஆண்டு கொதிகலத்தின் முன்னால் நின்றவர்.
"சத்தம் இருக்கட்டும்.
நீங்கள் யாரோ இங்கே இருக்கிறீர்கள் என்று
அதுதான் எனக்குச் சொல்கிறது.
எனக்குக் கை குளிருது.
அதுக்கு ஒன்றும் இல்லையா?"

ஊசி ஏறிய கை வெளியே தெரிய வேண்டும்.
கழன்றால் நொடியில் காண வேண்டும்.
போர்வையை விலக்கி விலக்கி விட்டது
நான்தான், பதினொரு ஆண்டாக.
விதி தெரியும். காரணம் தெரியும்.
குளிர் மட்டும் என் கண்ணில் படவே இல்லை.
பிரெண்டனுக்கு விதி தெரியாது,
அதனால்தான் கேட்டான்:
"மூடவும் வேண்டும், தெரியவும் வேண்டும்.
கண்ணாடி மாதிரி ஒரு சட்டைக்கை ஏன் இல்லை?"

ஏன் இல்லை.

அவன் வீட்டுக் கராஜில் நான்கு வாரம்.
ஒளி ஊடுருவும் தாள், மயிரிழைக் கம்பி,
சின்ன மின்கலம், நிறைய வசவு.
ஒன்று உருகிப்போயிற்று.
நாற்பத்தொரு டொலர் என்றாள் இஃபேயோமா,
முப்பதுக்குள் வராவிட்டால் பொம்மை என்றாள்.

ஏப்ரலில் ஏழு நிமிடம், மேடை.
சந்தை எவ்வளவு பெரிது என்றார் ஒரு நடுவர்.
இஃபேயோமாவிடம் எண் இருந்தது.
அவர் என் பக்கம் திரும்பினார்:
"நீங்கள் எந்தத் துறை?"

என் மொழியில் அந்தச் சொல்
ஆற்றில் கால் வைக்கும் இடத்துக்கும் பெயர்.
படகு கட்டும் இடத்துக்கும்.
இதை விளக்க மிச்சமிருந்த நாற்பது விநாடி போதாது.
"இறங்கிவிட்டேன்" என்றேன்.
அவருக்குப் புரியவில்லை. குறித்துக்கொண்டார்.

நான்காம் இடம். பரிசு மூன்று பேருக்கு.

நெறிமுறைக் குழுவின் அனுமதி வரும்வரை
நோயாளியின் கையில் அதை மாட்ட முடியாது.
எனவே மருத்துவமனைக் கார் நிறுத்தத்தில்,
ஏப்ரலிலும் விடாத பனியில்,
மூவரும் இடக்கையை நீட்டி நிற்கிறோம்.
கடந்து போகும் காவலாளி
எங்களைச் சந்தேகமாகப் பார்க்கிறார்.

சூடு பரவாயில்லை.
மணிக்கட்டு ஓரம் கடிக்கிறது.
இஃபேயோமா எழுதிக்கொள்கிறாள்.
இன்னும் அறுபத்தொரு பேரிடம் கேட்க வேண்டும்.
பிரெண்டன் அந்தக் காவலாளியிடம் போகிறான்.